அப்பாவின் அறைக்கு மேலே தேனீக்கள்

கட்டுகஸ்தோட்டைக்கு மேலே ஏற்றத்தில் ஒரு வீட்டு மாடியில் நானும் அப்பாவும் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம். போன வருடம் மழை விட்ட கையோடு, அப்பாவின் அறைக்கு நேர் மேலே, கூரைத் தகட்டுக்கும் சீலிங் பலகைக்கும் நடுவில் தேனீக்கள் குடிவந்தன. வெளியே மழைத்தண்ணீர் வடியும் பீலிக்குக் கீழே விரல் நுழைகிற ஓர் ஓட்டை இருந்தது. அவற்றுக்கு அதுதான் வாசல்.

வேறு யார் வீடாக இருந்தாலும் இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அப்படி விட முடியாது. என் அம்மா குளவி கொட்டிச் செத்தவள்.

ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மலையில் கூடு கலைந்தது. அதே மலையின் கீழ்ச்சரிவில் அப்பா புல்லு வெட்டிக்கொண்டிருந்தார். மலையில் எல்லாருக்கும் சொல்லித்தருவது ஒன்றுதான்: குளவி கிளம்பினால் போர்த்திக்கொண்டு குப்புறப் படு, அசையாதே. அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திப் படுத்தாள். அது கிழிந்த படங்கு. அப்பா ஓடினார். ஆற்றில் இறங்கி உட்கார்ந்து தப்பித்தார்.

அவரை யாரும் குறை சொல்லவில்லை. “நீ மேல ஏறிப் போயிருந்தா ரெண்டு பொணமாத்தான் எறக்கியிருப்போம்” என்றுதான் லயத்து வீடுகளில் எல்லாரும் சொன்னார்கள். அப்பா தலையை ஆட்டுவார். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. நான் எதற்கெடுத்தாலும் வாய் காட்டுகிறவள். இதை மட்டும் நானும் தொட்டதில்லை.

இப்போது அவர் தலைக்கு மேலேயே அந்த இரைச்சல். இரண்டாம் நாளே கட்டிலை விட்டு ஹோலுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்துகொண்டார். சாப்பாடு இறங்கவில்லை.

“குளவி இல்லப்பா, தேனீ. நம்ம சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்.”

“எல்லாம் கொட்டுறதுதானே புள்ள.”



அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பந்தம் பிடிக்கச் சொன்னார் ஒருவர், மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார் இன்னொருவர். வீட்டோடு எரிந்து போகச் சொல்லாதது ஒன்றுதான் பாக்கி. கடைசியில் என்னோடு கந்தோரில் வேலை செய்கிறவள், பன்விலையில் பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கும் ஒருவரின் நம்பரைத் தந்தாள்.

“ஞாயித்துக்கெழம பொழுதுசாய வர்றேங்க. அதுவரைக்கும் ஓட்டைய மட்டும் அடைச்சிராதீங்க. வெளிய போக வழி இல்லன்னா வீட்டுக்குள்ள எறங்கிரும். அப்பிடி எறங்கினா வெரட்டாம வெளிய வந்து கதவ மூடிருங்க, போதும்” என்றார் அவர்.

இதை அப்பாவிடம் சொன்னேன். கீழே போய் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். இரண்டு பேரும் நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் நான் வேலை முடிந்து வந்தபோது, வீட்டுக்காரர் வாசல் கேட்டருகிலேயே சிரித்துக்கொண்டு நின்றார். நல்ல முஸ்லிம் மனிதர், அப்பாவைச் சொந்த அண்ணனைப் போல வைத்திருப்பவர். கையெல்லாம் சீமெந்து.

“மகள், அப்பாட மொகத்தப் பார்க்க ஏலாமப் போச்சி. ஏணி வச்சி அந்த ஓட்டைய அடச்சிட்டன். இனிப் பயமில்ல. அவரும் சந்தோஷமா ரூமுக்குள்ள போய்ப் படுத்திருக்கார்.”

நான் மாடிக்கு ஓடினேன்.

அறைக் கதவைத் திறந்தபோது, பல்பு தொங்குகிற துளையிலிருந்து தேனீக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஜன்னல் கண்ணாடி முழுக்க அவைதான். அப்பா கம்பளியைத் தலையோடு போர்த்தித் தரையில் குப்புறக் கிடந்தார். கதவு அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கதவைத் திறந்து வெளியே வந்து மூட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மலைக்குக் கதவு ஏது? மலையில் கற்றதைத்தான் அவர் செய்தார்.

“அப்பா, எந்திரிங்க! வெளிய வாங்க!”

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அடுத்த கணம் எழுந்து வந்து, அந்தக் கம்பளியை என் தலையில் போட்டு, என்னைத் தரையில் அழுத்தி, என்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். அவர்மேல் போர்த்த ஒன்றும் இல்லை. நான் திமிறினேன், கத்தினேன். அந்த ஒல்லி உடம்புக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

“அசையாத. நான் ஓடல. இங்கதான் இருக்கேன். நான் ஓடல” என்று கம்பளிக்கு மேலே அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்காரர்தான் உள்ளே வந்து எங்கள் இருவரையும் வெளியே இழுத்துப்போட்டுக் கதவை மூடினார். அவருக்கும் கையில், கழுத்தில் கொட்டு. முச்சக்கர வண்டி பிடித்து அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான்.

ஞாயிறு மாலை பன்விலைக்காரர் சொன்னபடி வந்தாராம். சீமெந்தைத் தட்டி, பலகையைக் கழற்றி, அடையை அறுத்துப் பெட்டியில் கட்டி, கடைசித் தேனீயும் உள்ளே போகும்வரை காத்திருந்து எடுத்துப் போனாராம். அதன் பிறகே எல்லா இடுக்கையும் அடைத்தாராம். வார்டுக்கு மீன் அடைத்த மாலுபாண் வாங்கிக்கொண்டு வந்த வீட்டுக்காரர் இதைச் சொல்லிவிட்டு அழுதார். அவரைத் திட்ட வாய்வரை வந்தது. வீங்கியிருந்த அந்தக் கையைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அன்று இரவு அப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. கண் இரண்டும் வீங்கி மூடிக்கிடந்தன. நான் நெற்றியைத் துடைத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்கம்மாவுக்கு ஒன்னும் ஆகலயே?”

உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

“அம்மாவுக்கு ஒன்னுமே கொட்டலப்பா. நீங்கதான் போத்திட்டீங்களே.”

அப்பா நீளமாக மூச்சு விட்டார். அம்மா போன பிறகு அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. பக்கத்துக் கட்டில் கிழவரின் இருமல்கூட அவரை எழுப்பவில்லை.

காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. ஒரு கண் பாதி திறந்தது. பக்கத்தில் இருந்த என்னை அப்பா வெகுநேரம் பார்த்தார்.

“நான் போத்தினது நீயா புள்ள?”

“நாந்தாம்ப்பா.”

அப்பா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.