கண்மாய்க் கரையில் வெளுத்த சாயம்

சபையில் எழுந்து, "தேவ சமாதானம் என் உள்ளத்தை ஆளுகிறது" என்று சாட்சி சொல்கிறவர்களைக் கண்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வேஷத்தைப் பத்து வருஷம் கட்டியவள் நான்.

நாத்தனார் ஞானம்மாளோடு எனக்குப் பேச்சே கிடையாது. ஒப்புரவாகாமல் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்கக் கூடாதே என்று, மாதம் ஒருமுறை கோயில் வாசலில் மட்டும் "மன்னிச்சிரு ஞானம்" என்பேன். திருவிருந்து முடிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் நாங்கள் இருவரும் தனித்தனி சீட்டில் போன கந்தர்வக்கோட்டை மோட்டார் பஸ், கண்மாய்க் கரையில் சறுக்கிச் சாய்ந்தது. உள்ளே தண்ணீர் ஏறியது. சாட்சிக்காரி நான் ஊரே கேட்கக் கத்தினேன். முன்சீட்டு ஞானம்மாளின் தோளை மிதித்து, ஜன்னல் வழியே முதல் ஆளாகக் குதித்தேன். அவளோ யார் யார் பிள்ளைகளையோ வெளியே தூக்கிக் கொடுத்துவிட்டு, கடைசியாக இறங்கினாள்.

"பதறாதீங்க மதினி, எல்லாரும் வந்துட்டோம்" என்றாள். அவள் ஒருநாளும் சாட்சி சொன்னதில்லை.

இப்போது நான் சாட்சிக்கு எழுவதில்லை. திருவிருந்துக்கு முதல்நாள் அவள் வீட்டுக்கே போகிறேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால், "காப்பி ஆறுது, குடிங்க" என்று டம்ளரை இடதுகையால் நீட்டுகிறாள். வலது தோளை இன்னும் அவளால் தூக்க முடியவில்லை.