வலப்பக்கம் மேலே

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மத்திய லண்டனில் இருந்த ஒரு ஜப்பானியப் பெருங்கடையில் எனக்கு மூன்று மாதத் தவணையில் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் படித்த ஆள் நான். அதை யாராவது கேட்டால் மட்டும் சொல்வது என்று முடிவெடுத்திருந்தேன். ஒருவரும் கேட்காததால் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். மனோர் பார்க் கோயிலில் சந்தித்தவர்களிடம் வேலை நிரந்தரம் என்றும் சொல்லிவிட்டேன். ஆகவே அது நிரந்தரமாகியே தீரவேண்டும்.

அதற்கு ஒரு சோதனை இருந்தது. தவணை முடிகிற வாரம் தோக்கியோத் தலைமையகத்திலிருந்து மூன்று பேர் வருவார்கள். அவர்கள் முன்னால் கடையின் வரலாற்றை நான் சொல்லவேண்டும்.

இல்ஃபோர்ட் வீட்டுக் குசினியில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் ஒத்திகை நடந்தது. கிமோனோத் துணி விற்ற சிறிய கடையாகத் தொடங்கியது; ஆளைப் பார்த்து விலை சொன்ன காலத்தில் எல்லாருக்கும் ஒரே விலை என்றது; பிறகு மாடி மாடியாக எழும்பி, ஊரூராகக் கிளை விட்டு, கடல் கடந்து லண்டனுக்கும் வந்தது.

"முந்தி கடைக்கு வாற சனம் செருப்பை வாசலிலை கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போறதாம், அம்மா. பிறகு சப்பாத்தோடையே வரலாமெண்டு விட்டிட்டினம்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "அங்கைதான் பிழை விட்டிட்டினம்."

"அம்மா, இவளின்ரை உத்தியோகம் என்னெண்டு தெரியுமே?" என்றான் அண்ணன். "காலமை கடை திறந்த உடனை வாசலிலை நிண்டு வாறவைக்கெல்லாம் குனியிறது. இதுக்கொரு டிகிரி!"

"டிகிரி படிச்சபடியாலைதான் அண்ணை, எத்தினை டிகிரி குனியவேணுமெண்டு எனக்குத் தெரியும்."

வரலாறு துணியில் தொடங்குவதால், நான் பேசும் இடத்தில் ஓர் ஆளுயரப் பொம்மைக்குக் கிமோனோ உடுத்தி வைக்கவேண்டும் என்றார் என் மேலாளர். ஐம்பது வயது ஜப்பானியப் பெண்மணி, எண்ணிப் பேசுகிறவர். "முன்னால் துணியை மடிக்கும்போது பொம்மையின் இடப்பக்கம் மேலே வரவேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

நான் யோசித்தேன். நல்ல காரியத்துக்கு யாராவது இடதை முன்னுக்கு விடுவார்களா? எங்கள் வீட்டில் புதுவீடு புகுவதும் வலது கால், கொடுப்பதும் வாங்குவதும் வலது கை. இடப்பக்கத்துக்கு முதலிடம் செத்தவீட்டுச் சடங்கில்தான். பாவம், மேலாளருக்கு ஆங்கிலத்தில் இடமும் வலமும் மாறிவிட்டது என்று முடிவு கட்டினேன். படித்த பிள்ளை அல்லவா? ஒருவருக்கும் சொல்லாமல் பிழையைத் திருத்தினேன். பொம்மையின் வலப்பக்கத் துணியை மேலே மடித்து, இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டினேன்.

மூவரும் வந்தார்கள். சரியான அளவில் குனிந்து நிமிர்ந்து தொடங்கினேன். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் பொம்மையில். என் கைவேலையில் சொக்கிப்போனார்கள் என்று நினைத்து அதை இன்னும் கொஞ்சம் அவர்கள் பக்கம் திருப்பிவிட்டேன். மேலாளரின் முகம் வெளிறியது. என் காதருகே வந்தார்.

"வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துவது."

மனப்பாடம் செய்த முழு வரலாறும் அந்த நொடியில் மறந்துபோனது. வேறு யாரோ உடுத்தியது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு அழகாகக் கட்டிய பட்டியை இன்னொருத்தியின் பெயரில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

"நான்தான் உடுத்தினேன்" என்றேன். "சரியாகத்தான் சொல்லித் தந்தார்கள். எங்கள் வழக்கத்தில் இறந்தவருக்குத்தான் இடது. அதனால் உங்கள் துணிக்கு நல்ல பக்கத்தைக் கொடுத்தேன்."

மூவரில் வயதானவர் பொம்மையை ஒருமுறை சுற்றி வந்தார்.

"உங்கள் ஊர்ப் பிணம் எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் போகலாம் போலிருக்கிறதே" என்றார். மற்ற இருவரும் அவர் சிரிக்கிறாரா என்று பார்த்து, உறுதி செய்துகொண்டு சிரித்தார்கள்.

"மாற்றி உடுத்துங்கள். உடுத்திக்கொண்டே வரலாற்றைச் சொல்லுங்கள்" என்றார் அந்த வயதானவர்.

பட்டியை அவிழ்த்தேன். துணியைக் கையில் பிடித்ததும் துணிக்கடை ஞாபகம் வந்தது. அதைத் தொடர்ந்து ஒரே விலை, செருப்பு, மாடிகள், எல்லாம் வந்தன. வரலாறு லண்டன் கிளைக்கு வந்து சேர்ந்தபோது இடப்பக்கம் மேலே இருந்தது.

அன்று மாலை நிரந்தர வேலைக் கடிதத்துடன் வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே அம்மாவிடம் முழுக்கதையையும் கொட்டினேன். அதுதான் நான் விட்ட இரண்டாவது பிழை.

"நில்லு! செத்தவைக்குப் போடுற உடுப்பையே தொட்டனி?"

"பொம்மைதானே அம்மா!"

"பொம்மையோ என்னவோ, தலை முழுகாமல் ஒண்டிலையும் முட்டாதை. கடிதத்தை இஞ்சை தா."

"அதையும் நான்தானே தொட்டனான்?"

"கடிதத்துக்குத் துடக்கில்லை."

கண்ணில் ஷாம்பு எரிய நான் குளித்துக்கொண்டிருக்கையில், கீழே தொலைபேசியில் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிற சித்தியிடம் அம்மா சொல்வது கேட்டது.

"ஓம் ஓம், நிரந்தரமாம். ஜப்பான்காரருக்கு உடுப்பு உடுத்தப் பழக்கிறாள்."