புள்ளி இல்லாத பக்கம்

கணையம் மாற்றிவைத்து வீடு திரும்பிய பதினோராம் நாள், காலை 6.10-க்குச் சர்க்கரை பார்த்தேன். 187. முந்தின நாள் 102. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இன்னொரு விரலில் குத்தினேன். 191.

மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய தாளில் இதற்கென்றே ஒரு வரி உண்டு. சர்க்கரை திடீரென்று ஏறினால் புதுக் கணையத்தின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே கூப்பிட வேண்டும். தாமதித்தால் கணையம் போய்விடும். ஒரகடத்தில் பிரேக் பாகங்களை அளந்து, டாலரன்ஸுக்குள், அதாவது அனுமதித்த கூடுதல் குறைவுக்குள், இருந்தால் மட்டும் அனுப்புவது என் வேலை. தாளில் உள்ளபடி செய்துதான் எனக்குப் பழக்கம். மனைவியை எழுப்பினேன்.

அவள் மீட்டரைப் பார்க்கவில்லை. நேராக ஃபிரிட்ஜைத் திறந்தாள். சேரப்பணஞ்சேரியில் எங்கள் மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர், எங்கள் லைன் சூப்பர்வைசர், முந்தின நாள் என்னைப் பார்க்க வந்தபோது வாலாஜாபாத்திலிருந்து ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார். அவள் எண்ணினாள்.

"பன்னெண்டு வெக்கிற டப்பால பதினொண்ணுதான் கீது. இன்னாத்துக்குய்யா உனுக்கு இந்த வேலை?"

"நான் தொடவேயில்ல."

"ஆமா, அதுவா எறங்கி நடந்து போயிடுச்சு."

மருத்துவமனை நர்ஸுக்கு அவளே போன் போட்டாள். "சிஸ்டர், சுகரு நூத்தித் தொண்ணூறு. ஸ்வீட்டு துன்னுகீறாரு." அப்படியானால் இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்துச் சொல்லுங்கள் என்றார் நர்ஸ்.

அவளைக் குறை சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருட இன்சுலின் வாழ்க்கையில் ஹெல்மெட்டுக்குள் ஜாங்கிரியும் சேஃப்டி ஷூவுக்குள் பர்ஃபியுமாகப் பலமுறை பிடிபட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் "தொடவேயில்ல" என்றுதான் சொல்லியிருக்கிறேன், இதே குரலில்.

இரண்டு மணி நேரம் என்னிடம் இல்லை. வேறு வழியில்லாமல், "பீரோ மேல இருக்கிற டைரிங்கள எடு" என்றேன்.

தினமும் சர்க்கரை அளவும் தின்றதும் நான் குறித்துவைக்கும் டைரிகள் அவை; ஒவ்வொரு பக்கத்தையும் அவள் வரிவரியாகப் படிப்பவள்தான். ஆனால் மூலைகளைப் பார்த்ததில்லை. வலது கீழ் மூலையில், சில நாட்களில் மட்டும், ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். டைரியில் பொய் எழுத எனக்குக் கை வராது. உண்மையை எழுதவும் தைரியம் இல்லை.

"இது இன்னா?"

"ஜிலேபி."

"இங்க மூணு கீது?"

"உன் தம்பி கல்யாணம்."

"அடப்பாவி! வயிறு சரியில்லன்னு பந்தில ரசஞ்சோறு மட்டும் துன்னியே!"

"அதுக்கு முன்னாடி, சமையக்கட்டுல."

நேற்றைய பக்கத்தைத் திறந்து நீட்டினேன். மூலை வெள்ளையாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நகத்தால் சுரண்டியும் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"சிஸ்டர், துன்னலை. கெளம்பி வர்றோம்."

சூப்பர்வைசர் தன் காரில் ஏற்றிக்கொண்டார். படப்பை தாண்டும்போது டப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது.

"மதினி, அதுல ஒண்ண நான்லா தின்னேன். வார வழில பசி தாங்கல."

மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். இதை அவர் அரை மணி நேரம் முன்னால் சொல்லியிருந்தால், இருபத்திரண்டு வருட ரகசியம் பீரோ மேலேயே இருந்திருக்கும்.

ஸ்கேனில் ரத்தக்குழாய் பாதி அடைத்திருந்தது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்றினார்கள். மறுநாள் தையல் வழியே ரத்தம் கசிந்து கட்டு நனைந்தது, மருந்தைக் குறைத்தார்கள்.

"உறையவும் கூடாது, ஒழுகவும் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும்" என்றார் டாக்டர்.

"டாலரன்ஸ் எவ்வளவு, டாக்டர்?"

"கம்முனு படுய்யா" என்றாள் மனைவி.

எட்டாம் நாள் குழாய் திறந்துவிட்டது. சர்க்கரை 104. இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் கணையத்தை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் அவளிடம்தான் சொன்னார். அன்று முழுவதும் அவள் என்னைத் திட்டவில்லை.

வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்து, கொஞ்சம் இனிப்பு சாப்பிடலாம் என்று டாக்டர் அனுமதித்தார். அவளே ஒரு மைசூர்பாகைப் பாதியாக உடைத்துக் கொடுத்தாள். தின்றுவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே டைரியைத் திறந்து பச்சைப் புள்ளி வைத்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள்.

"அரைதானே குடுத்தேன். இன்னாத்துக்கு முழுப் புள்ளி?"