நாடா இறுகிய இடம்

உண்ணியை நகத்தால் பிடுங்கக் கூடாது. நகத்தால் இழுத்தால் உடம்பு மட்டும் கையோடு வரும், வாய் தோலுக்குள்ளேயே தங்கிவிடும். எனக்குப் பிடரியில் ஒருமுறை அப்படித் தங்கிச் சீழ் வைத்து, ஒரு மாதம் கொண்டை போட முடியாமல் இருந்தேன். அதற்குப் பிறகுதான் இந்த வேலைக்கு முள்வாங்கியை எடுத்தேன்.

வேலிக்காத்தான் முள் குத்தாத கால் எங்கள் பக்கத்தில் கிடையாது. அதனால் எல்லார் வீட்டிலும் முள்வாங்கி இருக்கும். உப்புக் காற்றில் இரும்பு ஒரு வாரத்தில் துருப்பிடித்துவிடும் என்பதால் என்னுடையதைத் தேங்காய் எண்ணெய் ஊற்றிய டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். உண்ணியைத் தோலை ஒட்டினாற்போல், வாய்ப் பக்கமாகப் பிடிக்க வேண்டும். வயிற்றைப் பிடித்தால் நசுங்கி, உள்ளே இருப்பதை நம் உடம்பிலேயே கக்கும். திருகக் கூடாது. நேராக, மெல்ல, அது விடுகிற வரைக்கும் இழுத்துப் பிடித்தபடி இருக்க வேண்டும். எடுத்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சிலர் உண்ணி மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள், ஊதுவத்தியால் சுடுவார்கள். எடுத்த உண்ணியைப் போட்டுக் கொல்லத்தான் எனக்கு மண்ணெண்ணெய், ஒரு பாட்டில் மூடியில் கொஞ்சம். நம் தோலுக்கு அது வேண்டாம்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பத்துப் பேர் இருக்கிற இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூட முந்தானையை வாயருகே வைத்துக்கொண்டுதான் சொல்வேன். ஆனால் முள்வாங்கி பிடித்திருக்கும்போது என் கை நடுங்கியதில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உப்பளம் படுத்துவிடும். தை கழிந்து வெயில் ஏறுகிற வரைக்கும் நாங்கள் கழுவெளிச் சதுப்பு ஓரம் விறகு வெட்டப் போவோம், ஆட்டுக்குப் புல் அறுப்போம், நூறு நாள் வேலை வந்தால் ஏரிக்கரையைச் செதுக்குவோம். உண்ணிக்கும் அதுதான் காலம். வேலைக்கு நடுவே உட்காருவதென்றால் புல்லில் உட்காராமல் வெறும் மண்ணாகப் பார்த்து உட்காருவேன். புடவைக்கு மேல் போட்டிருக்கும் சட்டையைக் கழற்றினால் புதரில் போட மாட்டேன். வீடு திரும்பியதும் உள்ளே நுழையாமல் பின்பக்கத் தட்டி மறைவில் குளித்து, உடுத்திய துணியை வெந்நீரில் போட்டுவிடுவேன். என்னோடு வருகிற நாலு பெண்களும் அந்தத் தட்டிக்குள் வந்து முதுகைக் காட்டுவார்கள். காதுக்குப் பின்னால், அக்குள், முட்டிக்குப் பின்புறம் எல்லாம் பார்த்து அனுப்புவேன்.

வராதவள் என் ஓரகத்தி மட்டும்தான். என் கொழுந்தனின் மனைவி. பக்கத்து வீடு. கொழுந்தன் போய்ப் பல வருடம் ஆகிறது. ஒரே மகன், லோடு ஆட்டோ ஓட்டுகிறான். என்னைவிட நாலு வயது சின்னவள், வாய் நாற்பது வயது பெரியது.

"யக்கா, உன் கடைய என்கிட்ட விரிக்காத. முப்பது வருசமா உப்புத் தண்ணியில நின்ன காலு இது. உண்ணி ஏறுனா அதுவே கருவாடா பூடும்" என்பாள்.

"அப்ப உன்னக் கொழம்புல போட்டா உப்பே போட வேணாம்" என்று தட்டிக்குள்ளிருந்து ஒருத்தி சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

உப்பில் ஊறிய காலில் பூச்சி ஏறாது என்பது எங்கள் உப்பளத்துப் பெண்கள் எல்லாரும் நம்புகிற விஷயம். நானும் நம்பியிருந்தேன். என் பிடரியில் கடித்த பிறகுதான் யோசித்தேன். உப்பளத்தில் யாரையும் உண்ணி கடிக்காததற்குக் காரணம் எங்கள் கால் இல்லை. அங்கே புல் இல்லை, மேய்கிற ஆடு இல்லை. கடிக்க அங்கே உண்ணியே இல்லை, அவ்வளவுதான். காட்டில் இறங்கினால் உப்புக் காலும் ஒன்றுதான், ஊர்க் காலும் ஒன்றுதான். இதை ஓரகத்தியிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் ஒன்றுக்கு ஒன்பது சொல்வாள்.

போன மழைக்காலத்தில் ஏரிக்கரை வேலை நடந்தபோது சுகாதார நர்ஸ் வந்து ஆளுக்கொரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். பெரும்பாலோர் அதில் வெற்றிலையை மடித்துக்கொண்டார்கள். நான் சாப்பாட்டு வேளையில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். உண்ணிக் காய்ச்சல் என்று போட்டிருந்தது. நான் எடுக்கிற ஆட்டு உண்ணி வேறு, இது வேறு. இது புல்லில் இருக்கும் தூசி மாதிரிப் பூச்சி, கண்ணுக்குத் தெரியாது. கடித்துவிட்டு விழுந்துவிடும். கடித்த இடம் வலிக்காது, கருத்துப் பொருக்குத் தட்டியிருக்கும். அப்படி ஒன்று இருந்து காய்ச்சலும் வந்தால் உடனே டாக்டரிடம் காட்டச் சொல்லியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு மெதுவாகச் சொன்னேன்.

"கடிக்கிறது தெரியாது, ஒட்டிக்கினும் இருக்காது, வலிக்கவும் வலிக்காதுன்னா அது பூச்சியா பேயா யக்கா?" என்றாள் ஓரகத்தி. அந்தப் புல் மேலேயே மல்லாந்து படுத்தாள்.

கார்த்திகையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் கடை மாத்திரை. பிறகு ஒரு டாக்டரிடம் ஊசி. விடவில்லை. ஐந்தாம் நாள் தலையைத் தூக்க முடியவில்லை. மகன் லோடு ஆட்டோவில் பாயை விரித்து அவளைப் படுக்கவைத்து, சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்தான் இருக்க வேண்டும் என்றார்கள். நான் இருந்தேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். "உடம்புல எங்கயாவது கருப்பா, பொருக்குத் தட்டுன மாதிரி புண்ணு இருக்காம்மா?"

"புண்ணு இல்லாத உப்பளத்துக்காரி எங்க சார் இருக்கறா? கால்ல பாருங்க" என்றாள் ஓரகத்தி. அந்த நிலையிலும் வாய் குறையவில்லை.

அவர் காலைப் பார்த்தார். பாதம் முழுக்க உப்பு அரித்த பழைய புண்கள்தான். கையை, கழுத்தைப் பார்த்தார்.

"வேற எங்கயும் இல்லையே?"

"இல்ல சார்."

ரத்தம் எடுத்து அனுப்பினார்கள், குளுகோஸ் ஏற்றினார்கள். ரிசல்ட் வர நேரமாகும் என்றார்கள். மறுநாள் மதியத்துக்குள் அவளுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. பேச்சு குழறியது. என்னைப் பார்த்து யாரென்று கேட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று நர்ஸ் மகனிடம் சொன்னார். அவன் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான். "பெரிம்மா, அப்பாவயும் அங்கதான் கொண்டும் போனோம். திரும்பி வர்ல" என்றான்.

ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடச் சொல்லியிருந்தார்கள். முகம், கை, கழுத்து துடைத்தேன். துடைக்கும்போது என் மனம் தட்டிக்குள் போய்விட்டது. இத்தனை வருடத்தில் நான் அதிகமாக உண்ணி எடுத்தது எங்கே? காலில் இல்லை. காலில்தான் ஏறும், ஆனால் அங்கே நிற்காது. மேலே மேலே நடந்து வந்து, துணி இறுக்கிய இடத்தில் வழி அடைபட்டு நிற்கும். ரவிக்கை விளிம்பு, மார்புக்கு அடியில், உள்பாவாடை நாடா. இது நோட்டீஸில் இல்லை. என் கைக்குத் தெரிந்தது. பெரிய பூச்சிக்கு வழி அடைபடுகிற இடத்தில் தூசிப் பூச்சிக்கும் அடைபடும் என்று நினைத்தேன்.

கட்டிலைச் சுற்றி மறைப்புத் துணியை இழுத்துவிட்டு அவள் நாடாவைத் தளர்த்தினேன்.

"ஏய், இன்னா பண்ற, கைய எடு" என்று காய்ச்சலிலேயே தட்டிவிட்டாள்.

"பேசாம படுடி" என்றேன். நாற்பது வருடத்தில் அவளை நான் அதட்டியது அதுதான் முதல்.

எங்கள் எல்லாருக்கும் இடுப்பில் நாடா இறுக்கி இறுக்கிக் கருப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். அவளுக்கும் இருந்தது. விரலால் அந்தக் கோட்டோடு தடவிக்கொண்டே போனேன். இடது பக்கம், முதுகுக்குத் திரும்புகிற இடத்தில் சொரசொரவென்று தட்டியது. ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்தேன். கருப்புக் கோட்டுக்குள்ளேயே கருப்பாக ஒரு பொருக்கு. பீடியால் சுட்ட மாதிரி, சுற்றிலும் சிவந்து. அழுத்திப் பார்த்தேன். அவள் முனகக்கூட இல்லை. அவள் கண்ணுக்கும் எட்டாது, கோட்டோடு கோடாகக் கிடந்ததால் எவர் கண்ணுக்கும் சட்டென்று படாது.

டாக்டர் அறை வராந்தாவின் கடைசியில். வாசலில் இருபது பேர் நின்றார்கள். நான் போய் நின்றேன். "யாரு வேணும்மா?" என்று நர்ஸ் கேட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இடுப்பு என்றும் பாவாடை நாடா என்றும் அத்தனை ஆண்கள் முன்னால் எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நாலு எட்டு வைத்துவிட்டேன். படியில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்த முதுகு தெரிந்தது. மறுபடியும் திரும்பி, ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளேயே போய்விட்டேன்.

"சார், அவளுக்குக் கருப்புப் புண்ணு இருக்குது. இடுப்புல, பாவாட நாடா கட்டுற எடத்துல. நீங்க நேத்து கேட்டீங்களே, அதான்."

என் குரல் அத்தனை சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. டாக்டர் கையில் இருந்த பேனாவை மூடாமல் எழுந்து வந்தார்.

அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. குனிந்து அவள் காதில் சொன்னேன். "டாக்டர் பாக்கட்டும்டி. உன் வெக்கத்த நான் புடிச்சிக்கினு இருக்கேன்." கை தளர்ந்தது.

டாக்டர் பார்த்தார், விளக்கு அடித்துப் பார்த்தார், நர்ஸையும் பார்க்கச் சொன்னார். "ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம், மருந்த மாத்திடலாம்" என்றார். மாற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைக் காலை வரை பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

காலையில் மூச்சு இரைப்பு தணிந்தது. அதற்கு அடுத்த நாள் விடியும்போது அவள் நெற்றியில் கை வைத்தேன். வேர்த்துக் குளிர்ந்திருந்தது. கண்ணைத் திறந்து, "யக்கா, நேத்து குடுத்த பிரட்டு கட்ட மாதிரி இருந்துது, வெளிய போய் இட்லி வாங்கிக்கினு வாயேன்" என்றாள். படியில் இருந்தவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினான். ரத்த ரிசல்ட்டும் அன்று வந்தது. உண்ணிக் காய்ச்சல்தான்.

டாக்டர் சுற்றி வந்தபோது பயிற்சிக்கு வந்திருந்த, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை அழைத்து வந்தார். அந்தப் பொருக்கை எந்த இடத்தில் தேட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவர், நின்று, "இத யாரு கண்டுபுடிச்சது?" என்று கேட்டார். அவருக்குத் தெரியும். அவர்கள் கேட்கட்டும் என்று கேட்டார்.

நான் முந்தானையைத் தேடினேன். அதற்குள் ஓரகத்தி இட்லி வாயோடு சொன்னாள்: "எங்க யக்காதான் சார். என் ஒடம்புல எனக்கே தெரியாத எடம் அவுங்களுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க."

வார்டு முழுக்கச் சிரித்தது. ஒரு பெண்பிள்ளை நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "நாடா கிட்டன்னு எப்டி பாட்டி தோணுச்சு?" என்றாள்.

அத்தனை பேர் முகமும் என் மேல். முந்தானையை விட்டுவிட்டு, பூச்சி எங்கே ஏறும், எங்கே நிற்கும் என்று என் கையாலேயே என் உடம்பில் காட்டிச் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். டாக்டரும் எழுதிக்கொண்டார்.