இன்ஸ்பெக்டர் வந்த நாளில் வராத பிள்ளை

என் பெரியம்மா நேசமலர் 1938 ஜனவரியில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் அரிவரி எனும் பாலர் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்தார். வயது பத்தொன்பது. வெள்ளவத்தையில் அண்ணன் வீட்டில் தங்கி, கோட்டை வரை ரயிலிலும் பிறகு ட்ராமிலும் போய்வந்தார். வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். சோக்குக்கட்டியைக் கடித்துத் தின்கிறவர்கள், பத்து மணிக்கே சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்கிறவர்கள், வாய் தவறி டீச்சரை “உம்மா” என்று கூப்பிட்டு வெட்கப்படுகிறவர்கள். இதையெல்லாம் பெரியம்மா சிரித்துச் சிரித்துச் சொல்வார். பைறோஸாவின் பேச்சு வந்தால் மட்டும் குரல் தணிந்துவிடும்.

பைறோஸா கடைசி வாங்குப் பலகையில் இருந்தவள். எத்தனை தரம் பெயர் சொன்னாலும் எழும்ப மாட்டாள். தலைமை ஆசிரியை புளோறன்ஸ் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “இப்பவே அடக்காட்டி வகுப்பு உம்மட கையை விட்டுப் போயிடும், பிள்ளை” என்றார். அடுத்த நாள் பெரியம்மா கோடு போடும் அடிமட்டத்தால் பைறோஸாவின் உள்ளங்கையில் இரண்டு அடி போட்டார். பிள்ளை அழவில்லை. எதற்கு அடி என்று தெரியாமல் டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பார்வை பெரியம்மாவை விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையோடு அவள் வீட்டுக்குப் போனார். தாய் ஸைனம்பு முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“புள்ளைக்கிக் காது கேக்காது டீச்சர். சின்னம்மை வந்த பொறகு அப்பிடித்தான்.”

“ஏன் முதலே சொல்லேல்லை?”

“சென்னா சேத்துக்கொள்ளுவீங்களா?”



மறுநாளே பைறோஸா முன் வாங்குக்கு வந்தாள். பெரியம்மா அவளுக்கு நேராக நின்று, உதடு தெரியக் கதைக்கப் பழகினார். ஆறு மாதத்தில் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்தாள். குரல்தான் மற்றவர்களைப் போல் இல்லாமல் மூக்கால் வந்தது.

ஒக்டோபரில் பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்தது. “அண்டைக்கு அந்தப் பிள்ளையை வீட்டில நிக்கச் சொல்லும். உமக்கு வேலை இன்னும் நிரந்தரமில்லை, தெரியும்தானே?” என்றார் புளோறன்ஸ். பெரியம்மா மறுக்கவில்லை. தானே போய்ச் சொன்னார். ஸைனம்பு, “சரி டீச்சர்” என்றாள்.

இன்ஸ்பெக்டர் வகுப்பைப் பாராட்டிவிட்டுப் போனார். பெரியம்மாவின் வேலை நிரந்தரமானது. ஆனால் அன்றைக்கு வராத பைறோஸா அடுத்த வாரமும் வரவில்லை.

இரண்டு தடவை தேடிப்போனார். கதவு திறக்கவில்லை. மூன்றாம் தடவை தகப்பன் மீரா சாஹிப் வெளியே வந்தார். மருதானையில் தையல் கடை வைத்திருந்தவர்; கழுத்தில் அளவு நாடாவோடு நின்றார்.

“ஆக்கள் பாக்கிற நாளைக்கு வேணாம், மத்த நாளைக்கு மட்டும் வேணுமா?”

“நான் செய்தது பிழை. எனக்கு வேலை போயிடுமெண்டு பயம் வந்திட்டுது. பிள்ளையை அனுப்புங்கோ.” பெரியம்மா தெருவிலேயே அழுதார்.

மீரா சாஹிப் கழுத்து நாடாவை இழுத்துச் சுருட்டினார். “இனி ஒரு நாளும் ஊட்டுல நிக்கச் செல்லாதீங்க” என்றார் கடைசியில்.

அடுத்த ஆண்டு பெரியம்மாவும் பிள்ளைகளோடு முதலாம் வகுப்புக்கு மாறினார். பரிசோதனை நாளில் பைறோஸா முன் வாங்கில் இருந்தாள். இன்ஸ்பெக்டர் பின்னால் நடந்தபடி அவளிடம் கேள்வி கேட்டார். பதில் இல்லை. புளோறன்ஸின் முகம் கறுத்தது. ஆனாலும் பெரியம்மா, “சேர், அவளுக்குக் காது கேளாது. முன்னுக்கு வந்து கேட்டால் சொல்லுவாள்” என்றார். அவர் முன்னால் வந்து கேட்டார். பைறோஸா முழுப் பாடத்தையும் மூக்குக் குரலில் வாசித்தாள். பின்னால் சில பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்கு அது கேட்கவில்லை.

இருந்தும் அறிக்கையில், சாதாரண வகுப்புக்குப் பொருந்தாத பிள்ளை ஒன்று இருப்பதாக ஒரு வரி வந்தது. புளோறன்ஸ் அதை மேசையில் வைத்துவிட்டு ஒரு மாதம் பெரியம்மாவோடு கதைக்கவில்லை. ஆனால் பைறோஸாவின் பெயரைப் பதிவேட்டிலிருந்து வெட்டச் சொல்லவில்லை. அவள் ஐந்தாம் வகுப்பு வரை அங்கேயே படித்தாள்.