தவராசா அண்ணை துலக்காத விளக்கு

தவராசா அண்ணை இறந்த செய்தி வந்தபோது, இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டில் யன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். மிச்சம் இருந்த இரண்டு யன்னல்களையும் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இன்று அவருடைய அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்களில் அதிகம் பேர் அவரைச் சியாகுல்லி ஊரின் மண்டரின் தோடம்பழத் தோட்டங்களில் அறிந்தவர்கள். அதற்கு முன் நான்கு வருடம் அவர் ஒரு மலையூரில் இருந்தார். பலெர்மோவிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். உச்சியில் நோர்மன் அரசர் காலத்துக் கோட்டை, அதற்குள் ஒரு சிறு தேவாலயம். அவற்றைக் கூட்டித் துடைத்து, பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்துவிடும் வேலையை நகரசபை அவருக்குக் கொடுத்திருந்தது. "வன்னியிலை என்ரை வீட்டுக்குக் கதவில்லை. இஞ்சை ஒரு கோட்டையின்ரை திறப்புக் கொத்தே என்ரை இடுப்பிலை," என்று சிரிப்பார்.

ஒரு திருவிழாவுக்கு முன் உதவிக்கு என்னைக் கூப்பிட்டார். "தேவாலயத்தைக் கூட்டினால் காணும், தங்கச்சி. வேறை ஒண்டையும் தொடாதை."

அவர் முற்றத்துக்குப் போனதும் தொட்டேன். பலிபீடத்தருகே ஒரு வெண்கல விளக்கு கறுத்துக் கிடந்தது. திருவிழா நேரம் அப்படி விட மனம் வரவில்லை. அவருடைய குசினியிலிருந்து பழப்புளியும் உப்பும் எடுத்துவந்து, வீட்டுக் குத்துவிளக்கைப் போலத் தேய்த்தேன். பொன்போல வந்தது.

அண்ணை வந்து விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எண்ணூறு வருசக் கறுப்பைக் கழுவிப்போட்டாய்." பிறகு கேட்டார்: "உன்ரை பெர்மெசோ என்ன மாதிரி?"

"புதுப்பிக்கக் குடுத்திருக்கிறன், அண்ணை. இன்னும் கையிலை வரேல்லை."

"ஓம். அப்ப நீ இண்டைக்கு இஞ்சை வரேல்லை. நாலு மணி பஸ்ஸிலை போ."

அந்தக் கறுப்பைத்தான் அந்த ஊர் தன் பழமையாகப் பாதுகாத்து வந்தது. முறைப்பாடு என்று போயிருந்தால், பதிவில்லாமல் வேலைக்குப் போன எனக்குப் பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, கிடைக்காமல் போயிருக்கும். அவர் நகரசபையிடம் தானே துலக்கியதாகச் சொன்னார். வேலை போனது. திறப்பைக் கொடுத்துவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் மண்டரின் பறிக்க வந்தார்.

ஏன் வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும். "விளக்கு மினுக்கினனான். கோட்டையாலை இறக்கிப்போட்டாங்கள்." எல்லோரும் சிரிப்பீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். அப்போதும் அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

போன கிழமை அந்த ஊருக்குப் போனேன். நகரசபையில் இருந்த பெண்ணிடம், துலக்கியது நான் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தவராசா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். அதையும் சொன்னேன். பிறகு தேவாலயத்துக்கும் ஏறிப் பார்த்தேன். விளக்கின் விளிம்பில் மறுபடி கறுப்பு ஏறத் தொடங்கியிருக்கிறது.

நாலு மணி பஸ்ஸில் திரும்பினேன். அவர் எனக்கு விட்டுப்போனது என் கைப்பையில் இருக்கிறது. என் பெயரும் என் படமும் உள்ள பெர்மெசோ.