கடுகு கேட்டுப் போன சனிக்கிழமை

பாரிவாக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கூடத்துச் சுவரில் இரண்டு படங்கள் இருந்தன. இயேசு அம்மாவுடையவர், புத்தர் சித்தப்பாவுடையவர். அப்பாவுக்குப் படம் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிவிட்டு வந்து, இரண்டு படங்களுக்கும் நடுவில் இருந்த ஆணியில் சட்டையை மாட்டுவார்.

அம்மா பிறந்தது முதல் சபைக்குப் போகிறவள். சித்தப்பா கல்லூரியில் படிக்கும்போது பௌத்தத்தில் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை அம்மா பிரசங்கம் கேட்டுவிட்டு வருவாள். மீன் குழம்பு ஊற்றும்போதே தகராறு தொடங்கிவிடும். சத்துருவை நேசிக்கச் சொன்னார் ஆண்டவர் என்பாள் அம்மா.

"பகையால பகை தீராதுன்னு உங்க ஆண்டவருக்கு ஐந்நூறு வருஷம் முன்னாடியே எங்காளு சொல்லிட்டாரு அண்ணி" என்பார் சித்தப்பா.

"முன்னாடி சொன்னா பெரிசா? எங்க ஆண்டவர் சொன்னாரு, சொன்னபடியே உயிரையும் குடுத்தாரு. உங்காளு எண்பது வயசு வரைக்கும் நல்லா இருந்தாரு இல்ல?"

சீடர்களை வெறுங்கையோடு ஊர் ஊராக அனுப்பியது, வீட்டை விட்டு ஓடிப்போன மகனின் கதை என்று எதை எடுத்தாலும் இருவரிடமும் ஒன்று இருந்தது. ஒரே விடையை எழுதிய இரண்டு பேரில் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று எங்கள் டீச்சர் குடைவாரே, அந்த மாதிரிதான் எனக்குத் தோன்றியது. அப்பா மட்டும் முள்ளை எடுத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

அம்மா நிறைமாதமாக இருந்த ஒரு ஞாயிறன்று பேச்சு கடுகுக்கு வந்தது. கடுகளவு விசுவாசம் இருந்தால் மலையைப் பார்த்து 'தள்ளிப் போ' என்றால் போய்விடும் என்றாள் அம்மா. சித்தப்பா விடுவாரா? குழந்தை செத்துப்போன ஒரு தாய் புத்தரிடம் வந்து, பிழைக்க வை என்று அழுதாளாம். 'சாவே விழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா, பார்க்கலாம்' என்று அனுப்பினாராம். அதற்குள் அம்மா கரண்டியைத் தட்டில் அடித்தாள். "மாசமா கீறவ எதிர்ல சொல்ற கதையா இது?" சித்தப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். கதை அங்கேயே நின்றுபோயிற்று.

தம்பி பிறந்தான். ஆஸ்பத்திரியிலேயே, கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே போய்விட்டான். அம்மா வெறுங்கையோடு திரும்பினாள்.

அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் அழவில்லை. உட்காரவும் இல்லை. கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள். மடித்த துணியை உதறி மடித்தாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். பாஸ்டர் வந்து ஜெபித்தபோதுகூட நின்றுகொண்டுதான் ஆமென் சொன்னாள். அப்பா வேலைக்குக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பி வருவார். சித்தப்பா பைக்கை உதைப்பார், அணைப்பார், மறுபடி உதைப்பார். ஞாயிற்றுக்கிழமை குழம்பு வந்தது, தகராறு வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. வீடு முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன். சித்தப்பாவின் புத்தர் கடுகு கேட்கிறார், அம்மாவின் ஆண்டவர் கடுகளவு போதும் என்கிறார். இரண்டு பேரும் ஒன்றையே சொல்லும்போது அது பொய்யாகவா இருக்கும்?

முதலில் ஊர்த்தெருவுக்குப் போனேன். அங்கே எங்களுக்குப் பழக்கம் இல்லை. நிலம் வைத்திருந்த பழைய குடும்பங்களின் தெரு அது. அந்த வீட்டுப் பெண்கள் எங்கள் படி ஏறியதும் இல்லை, நாங்கள் அவர்கள் படி ஏறியதும் இல்லை. அதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. முதல் வீட்டில் மாமனார் போன ஆடியில் இறந்திருந்தார். அவர் கடைசியாகக் கேட்ட காபி வரைக்கும் அந்த அம்மாள் சொல்லி முடிக்கும்வரை நான் காலை மாற்றி மாற்றி நின்றேன். அடுத்த வீட்டில் ஒரு பெரியம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊட்லயா? எம்புள்ள பூட்டான் கண்ணு. வேலப்பன்சாவடிகிட்ட லாரி ஏறிடுச்சு" என்றவள், நான் நகர்வதைப் பார்த்து, "ஏய், நில்லு. கடுகு எதுக்கு? நீ யார் ஊட்டுப் பொண்ணு?" என்றாள்.

சொன்னேன். தம்பியைப் பற்றியும் சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"சாவாத ஊடு எங்கடி கீது?" என்றாள்.

ஆனால் இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய ஃப்ளாட்டுகளில் இருந்தது. இரண்டாவது மாடியில் கதவைத் திறந்த அக்கா ஈரத்தலையில் துண்டு கட்டியிருந்தாள். கோயம்புத்தூர்ப் பேச்சு. "இந்த வீட்லயா? நாங்க வந்தே மூணு மாசந்தானுங்க கண்ணு. எங்களுக்கு முன்னாடி யாரும் இருந்ததே இல்ல. யாரு சாகறது?" சிரித்துக்கொண்டே டப்பா நிறையக் கடுகைக் கொட்டினாள்.

நான் ஓடினேன். ரோட்டைக் கடந்தது நினைவில்லை. அம்மா கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள், காலையில் பெருக்கிய கூடத்தையே. அப்பாவும் சித்தப்பாவும் அங்கேதான் இருந்தார்கள். டப்பாவை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். "சாவு விழாத வீட்டுக் கடுகும்மா. தம்பி வந்துடுவான்."

அம்மாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. புரிந்ததும் சித்தப்பா பக்கம் திரும்பினாள். "கொழந்தைகிட்ட இன்னா கதை சொல்லி வெச்சிகீற நீ?"

"அண்ணி, கதை அது இல்ல. நான் முழுசா சொல்லல" என்றார் சித்தப்பா. அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

எனக்கு அழுகை வந்தது. "கடுகளவு இருந்தா மலையே நகரும்னு நீயும்தானேம்மா சொன்ன?"

அம்மா டப்பாவை வாங்குவதுபோல் கையை நீட்டினாள். வாங்கவில்லை. அது கீழே விழுந்து கடுகு கூடம் முழுக்க ஓடிற்று. அப்பா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. ஊர்த்தெருப் பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கையில் வாழை இலையில் மடித்த மல்லிகைப்பூ இருந்தது. யாரும் அவளை வா என்று சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கால்களில் கடுகு ஒட்ட நேராக அம்மாவிடம் போய், அவள் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக் கீழே போட்டாள்.

"மார்ல பாலு கட்டிகிச்சாம்மா?" என்று கேட்டாள். "வலிக்குமே. இந்தப் பூவ வெச்சுக் கட்டு, வத்திடும். எம்புள்ளைக்கு முன்னாடி எனக்கும் ஒண்ணு இப்படித்தான் பூட்டுச்சு."

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு அவள் தோளில் முகத்தை வைத்து, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். கடுகு கொண்டு வந்ததால்தான் அம்மா அழுகிறாள் என்று பயந்துபோனேன். சாவு நடந்த வீட்டுக்கு யாராவது மல்லிகைப்பூ எடுத்து வருவார்களா என்று பெரியம்மா மேல் கோபம் வந்தது. அதைவிடக் கோபம் அப்பா மேல்தான். அம்மா அப்படிக் கதறிக்கொண்டிருக்க, அவர் பொறுக்குவதை நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, எவ்வளவோ நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். சித்தப்பா அவர் தோளில் கை வைத்தார். இரண்டு பேர் முகத்திலும் தெரிந்தது நிம்மதிதான்.

அம்மா அழும்போது இவர்களுக்கு என்ன நிம்மதி என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.